மேல்வேலைக்கு ஒரு சாட்சி

போன வாரம் ஆட்டோவில் வாயைத் திறக்காமல் வந்து இறங்கிய சிவசங்கரி, இந்த வாரமும் அதைச் சாப்பிடுவதற்கு மட்டும்தான் திறந்துகொண்டிருந்தாள். அதுவும் அரை வயிற்றுக்கு.

பாவம், அவள் மேலும் தப்புச் சொல்ல முடியாது. பிரெஞ்சுக்காரர் காலத்து ஒயிட் டவுனில், துய்மா வீதியில் வசந்தா மதாம் நடத்துகிற விருந்தினர் விடுதிக்கு ஆள் தேவை என்று கேள்விப்பட்டு, வேலை கேட்டுப் போனவளே அவள்தான். வீட்டில் செய்கிற சமையலை அங்கே செய்தால் சம்பளம் வருமே என்று கணக்குப் போட்டது அவள்தான். பாத்திரத்தைத் தூக்க ஒத்தாசைக்கு இருக்கட்டும் என்று ஓரகத்தி பூவிழியைக் கூட்டிக்கொண்டு போனதும் அவள்தான்.

மதாம் சாப்பிட்டார். வஞ்சிர மீன் குழம்பை இரண்டாம் தடவையும் ஊற்றிக்கொண்டார். மூக்கைத் துடைத்துக்கொண்டே பிரமாதம் என்றார். பிறகு மாடிக்குப் போனவர், இறங்கி வந்து கேட்டது வேறு.

"மேல அந்தக் கட்டிலை யார் விரிச்சது?"

சிவசங்கரி அடுப்படியில் வெந்துகொண்டிருந்த நேரத்தில், சும்மா உட்காரத் தெரியாத பூவிழி, தனியாகத் திண்டாடிக்கொண்டிருந்த விடுதிப் பெண்ணுக்கு உதவி செய்யப்போய் ஓர் அறையையே ஒழுங்கு செய்து வைத்துவிட்டாள். சமையல்காரிக்குக் கிடைத்த பதில், "சொல்லி அனுப்பறேன்." கட்டில் விரித்தவளுக்குக் கிடைத்தது வேலை, ஒரு விசாரணை மட்டும்தான் பாக்கி. அதற்குப் பெயர் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசராம்.

நெல்லித்தோப்பில் அவர்கள் வீட்டில் அந்த வேலைக்கு வேறு பெயர் இருந்தது. மேல்வேலை. மேல் என்றதும் மேலான வேலை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். சமையல் போக மிச்சமிருக்கிற பெருக்கல், துடைத்தல், துவைத்தல், மடித்தல், பாத்ரூம் கழுவுதல் எல்லாம் மேல்வேலை. பூவிழி கல்யாணமாகி வந்த புதிதில் ஒரு நாள் சாம்பார் வைத்தாள். அதை வாயில் வைத்துப் பார்த்த சிவசங்கரி, "நீ மேல்வேலையைப் பாரும்மா" என்றாள். மாமியார் இல்லாத வீடு. மூத்தவள் சொன்னதுதான் சட்டம். அன்று பிரித்த வேலை, பத்து வருஷமாக அப்படியே நடந்துவந்தது.

கரண்டி பிடித்தவள் ஒரு படி மேல். துடைப்பம் பிடித்தவள் ஒரு படி கீழ். இதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் வந்ததில்லை, போன வாரம் வரைக்கும்.

இன்று காலையிலும் பூவிழி கூடத்தைத் துடைத்துக்கொண்டே பேச்சுக் கொடுத்தாள்.

"திங்கக்கெழமையிலேர்ந்து போனாலும் காலையிலயே எல்லாத்தையும் முடிச்சுட்டுதான்கா போவேன். உங்களுக்கு ஒரு வேலையும் வெச்சுட்டுப் போவ மாட்டேன்."

"நான் எதுனா கேட்டனா?"

"இல்லக்கா. சொன்னேன்."

"துணியையாவது காய வெச்சுட்டுப் போவியா?"

"காய வெச்சு, மதியம் வந்து மடிச்சுடுவேன்."

குறை சொல்ல ஓர் இடம்கூட வைக்காமல் வேலை செய்வதும் ஒருவகைக் கொடுமைதான். சிவசங்கரி இட்லித் தட்டை வேண்டுமென்றே கொஞ்சம் ஓசையாகக் கழற்றினாள்.

அவள் கணவன் தெய்வசிகாமணி சாப்பிட உட்கார்ந்தான். உழவர்கரையில் ஒரு மின்சாமான் கடையில் வேலை. நல்ல மனுஷன். எதை எப்போது பேசக் கூடாதோ அதை அப்போது சரியாகப் பேசிவிடுவது ஒன்றுதான் அவனிடம் கோளாறு.

"பூவிழிக்குள்ள இப்படி ஒரு தெறம இருந்துருக்குது பாரேன். இத்தினி வருஷமா நமக்குத் தெரியல."

"எனக்குள்ள இருக்கறது மட்டும் தெரிஞ்சுதா?"

"உன் சமையலுக்கு இன்னா சங்கரி? அது நமக்குன்னே இருக்கட்டும்."

பாராட்டுகிறோம் என்று நினைத்துத்தான் சொன்னான். சொல்லிவிட்டு இன்னும் இரண்டு இட்லி கேட்டான். அவள் வைத்தாள். சட்னியை மட்டும் வைக்க மறந்துவிட்டாள், அல்லது மறந்த மாதிரி இருந்தாள்.

அவன் கிளம்பிப் போன பிறகுதான் பூவிழி ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அடுப்படி வாசலில் வந்து நின்றாள். எதையோ சொல்லத் தயங்குகிற முகம்.

"அக்கா, இன்னிக்கு உங்களுக்கு ஒரு போன் வரும். மதாம் பேசுவாங்க."

சிவசங்கரிக்கு ஒரு கணம் நெஞ்சு துள்ளியது. சொல்லி அனுப்புகிறேன் என்றாரே.

"எனக்கா? சமையலுக்கா?"

"இல்லக்கா." பூவிழியின் குரல் இறங்கியது. "இதுக்கு முன்னாடி எங்க வேல பாத்தீங்க, அவங்க நம்பரைக் குடுங்க, விசாரிக்கணும்னு கேட்டாங்க. நான் எங்க போனேன் வேலைக்கு? எங்க வூட்டுலதான்னு சொல்லி உங்க நம்பரைக் குடுத்துட்டேன்."

"என் நம்பரையா? உம் புருஷன் நம்பரைக் குடுக்கறதுதானே?"

"அவருக்கு நான் இன்னா வேலை செய்றேன்னே தெரியாதுக்கா. சட்டை தானா வெளுத்துத் தானா மடிஞ்சு பீரோவுக்குள்ள போயிடுதுன்னு நெனச்சுட்டிருக்காரு. என் வேலையைத் தெனம் பாத்தவங்க நீங்க ஒருத்தர்தான்."

உலகத்தில் யாராவது வேலைக்குச் சாட்சி சொல்ல ஓரகத்தியைத் தேடிப் பிடிப்பார்களா? இவள் பிடித்திருக்கிறாள். ஓட்டலில் வேலை பார்த்த உழவர்கரைப் பெண் ஒருத்தியும் அதே வேலைக்குக் காத்திருக்கிறாளாம். சிவசங்கரி நல்லபடியாகச் சொன்னால் திங்கட்கிழமை வேலை பூவிழிக்கு. இல்லையென்றால் அவளுக்கு. விவரத்தைச் சொல்லி முடித்த பூவிழி, தைக்கக் கொடுத்த புது ஜாக்கெட்டை வாங்கி வருகிறேன் என்று கடைத்தெருவுக்குப் போனாள்.

சிவசங்கரி நெத்திலியை முறத்தில் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தாள். ஒவ்வொன்றின் தலையையும் கிள்ளி எறிந்தாள். கொஞ்சம் அழுத்தமாகவே கிள்ளினாள்.

பொறாமைதான். அதற்கு வேறு பெயர் வைத்துப் பயனில்லை. அவளும் முதலில் வேறு பெயர்களை வைத்துப் பார்த்தாள். வீட்டைப் பற்றிய கவலை என்று பார்த்தாள். பெண் பிள்ளை காலேஜ் போகிற வீட்டில் ஆள் இருக்க வேண்டாமா என்று பார்த்தாள். எதுவும் ஒட்டவில்லை. எனக்குக் கிடைக்காதது இவளுக்கு எப்படிக் கிடைத்தது என்ற ஒன்றுதான் தொண்டையில் மீன்முள் மாதிரி நின்றது.

கூடத்தில் மகள் அபி தோழியுடன் போனில் பேசிக்கொண்டிருந்தாள். காலேஜுக்கு அன்று லீவு.

"ஆமாண்டி, எங்க சித்திதான். ஒயிட் டவுன்ல சூப்பர்வைசர். செமல்ல?" அந்தப் பக்கம் ஏதோ கேட்டிருப்பாள். அபி சாதாரணமாகச் சொன்னாள். "அம்மாவா? அம்மா வூட்டுல சும்மாதான் இருக்காங்க."

சும்மா இருந்த அம்மாவின் கை, நெத்திலியோடு அப்படியே நின்றது.

காலையில் எழுந்ததிலிருந்து உட்கார்ந்தது இப்போதுதான். அதுவும் அந்தப் பெண்ணுக்குப் பிடிக்குமே என்று நெத்திலி வறுக்க உட்கார்ந்தது. எழுந்து போய் இரண்டு கேட்கலாம் என்று தோன்றியது. என்ன கேட்பது? பொய்யா சொல்லிவிட்டாள்? கேட்கிறவர்களுக்கெல்லாம் அவளே அப்படித்தானே சொல்லிக்கொண்டிருந்தாள், போன மாதம்கூட ரேஷன் கடை வரிசையில்.

அப்போது அவள் போன் அடித்தது.

கழுவிய கையைச் சரியாகத் துடைக்கக்கூட இல்லை. எடுத்தாள்.

"அலோ, சிவசங்கரிதானே? நான் வசந்தா, துய்மா வீதியிலேர்ந்து. உங்க மீன் குழம்பை இன்னும் மறக்கலைங்க."

மறக்காமல் இருந்து எனக்கு என்ன லாபம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு, "சந்தோசம் மதாம்" என்றாள் வாயால்.

"பூவிழி உங்க நம்பரைக் குடுத்தாங்க. அவங்க வேலையைப் பத்தி உங்களைத்தான் கேக்கணுமாம். மறைக்காம சொல்லுங்க. நல்லதும் சொல்லுங்க, கெட்டதும் சொல்லுங்க."

கெட்டதும் சொல்லலாமாம். மதாமே கதவைத் திறந்து வைத்துவிட்டார். சிவசங்கரி கொல்லைப் பக்கம் நகர்ந்து போய்க் குரலைத் தாழ்த்தினாள்.

"கேக்கறீங்களேன்னு சொல்றேன் மதாம். நான் சொன்னேன்னு அவகிட்ட சொல்லிடாதீங்க."

"சொல்ல மாட்டேன்."

"பாத்ரூம் கழுவப் போனான்னா லேசுல வெளிய வர மாட்டா. கொழாய்ல ஒரு தண்ணிக்கறை இருந்துட்டாப் போதும், எலுமிச்சம்பழத் தோலை வெச்சுத் தேச்சுட்டே இருப்பா. வாசல்ல அவசரத்துக்கு நிக்கறவங்க நின்னுட்டே இருக்க வேண்டியதுதான்."

"அப்படிங்களா."

"போட்ட கட்டில்ல ஒருத்தரை உக்கார வுட மாட்டா. எங்க வூட்டுக்காரர் ஒரு நாள் மதியம் சும்மா சாஞ்சாரு. அவரு எழுந்த சூடு ஆறல, அதுக்குள்ள உதறி மறுபடியும் விரிக்கறா. வயசுல பெரியவங்கன்னு ஒரு இது வேணாமா?"

"ம், சொல்லுங்க."

"நான் ஒரு சாமானை எடம் மாத்தி வெச்சா அவளுக்குப் பொறுக்காது. பேச மாட்டா. நான் அந்தாண்ட போனதும் பழைய எடத்துலயே வெச்சுடுவா. தலகாணி உறை இருக்குதுல்ல, அதோட வாய் வாசப்பக்கம் பாத்து இருக்கக் கூடாதாம். அதையெல்லாம் யாரு மதாம் பாக்கப் போறாங்க?"

"நான் பாப்பேன்," என்றார் மதாம். சிரிப்பது கேட்டது.

சிவசங்கரிக்கு அப்போதுதான் உறைத்தது. கல்லை எடுத்து எடுத்து எறிகிறோம் என்று நினைத்தவள், இவ்வளவு நேரமும் பூவிழிக்குப் படிக்கட்டு கட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். பத்து வருஷமாக முணுமுணுத்த குறைகளை எல்லாம் ஒன்றுவிடாமல் ஒப்பித்தாயிற்று. ஒவ்வொன்றும் அந்த அம்மாளுக்கு வெல்லமாக இனித்திருக்கிறது.

"எனக்கு இப்படி ஒரு ஆள்தான் வேணும் சிவசங்கரி. வூட்டு வேலைன்னு நீங்க சொல்றதுக்குத்தான் எங்க தொழில்ல நல்ல ஆள் கெடைக்கறதே இல்ல. அந்த உழவர்கரைப் பொண்ணுக்கு அனுபவம் இருக்கு, ஆனா இந்தக் கண்ணு இல்ல. சரி, ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டு வெச்சுடறேன்."

"கேளுங்க."

"இங்க தங்கறவங்க பர்ஸு, நகை எல்லாத்தையும் மேசை மேலயே போட்டுட்டு பீச்சுக்குப் போயிடுவாங்க. எல்லா ரூம் சாவியும் பூவிழிகிட்டதான் இருக்கும். இதுக்கு முன்னாடி இருந்த பொண்ணால ஒரு தடவை ரொம்பக் கஷ்டப்பட்டுட்டேன். அதான் கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. பூவிழிக்குக் கை சுத்தம்தானே?"

கை சுத்தம்.

சிவசங்கரிக்குத் தெரியும். ஊரில் வேறு யாருக்கும் தெரியாத அளவுக்கு அவளுக்குத் தெரியும். துவைக்கப் போடுகிற சட்டைப் பையில் கிடைக்கிற சில்லறையைக்கூட ஜன்னல் கட்டையில் வரிசையாக எடுத்து வைக்கிறவள் பூவிழி. போன ஆடி மாதம் ஒரு நாள் மாடியில் போர்வையை உதறப் போனவள், மூச்சு வாங்க இறங்கி வந்து சிவசங்கரியின் உள்ளங்கையில் ஒரு தங்கத் தோட்டை வைத்தாள். "உங்க காதைத் தொட்டுப் பாருங்கக்கா" என்றாள். தொட்டுப் பார்த்த பிறகுதான் தோடு கழன்று விழுந்ததே சிவசங்கரிக்குத் தெரிந்தது. வைத்துக்கொண்டிருந்தால் கேட்க நாதி இல்லை. அன்றைக்கு நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லாமல், "மாடியில நல்ல வெய்யிலா?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள் நம் சிவசங்கரி.

ஆமாம் மதாம் என்றால் முடிந்தது.

நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அந்த ஆமாமைச் சொல்லிவிட்டால் திங்கட்கிழமை காலையில் பூவிழி புது ஜாக்கெட் போட்டுக்கொண்டு சாவிக்கொத்தோடு போவாள். அபி அவள் பின்னால் வாசல் வரைக்கும் போய்க் கையாட்டுவாள். சிவசங்கரி உள்ளே நின்று சட்னிக்குத் தாளிப்பாள். நாளைக்கும் தாளிப்பாள், அதற்கு மறுநாளும் தாளிப்பாள்.

வாய் மூடிக்கொண்டது.

முதலில் வந்தது திகைப்பு என்று வேண்டுமானால் சொல்லலாம். திகைப்பு எவ்வளவு நேரம் நிற்கும்? அது போன பிறகும் அவள் பேசவில்லை. பேசக் கூடாது என்றுதான் பேசவில்லை. கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ பக்கெட்டில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அது நிறைந்து வழிகிற வரைக்கும் அவள் கேட்டுக்கொண்டே நின்றாள்.

"அலோ? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன் மதாம்."

"நான் கேட்டது…"

"அடுப்புல எண்ணெ காயுது மதாம்."



"சரிங்க," என்றார் வசந்தா மதாம். குரலில் முன்பிருந்த சிரிப்பு இல்லை. "மெர்சி" என்று பிரெஞ்சில் ஒரு நன்றியோடு முடித்துக்கொண்டார்.

போன் அணைந்தது. அடுப்பு பற்றவைக்கவே இல்லை.

சிவசங்கரிக்கு முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. நாம் மறைக்கக் கூடாது. போன வாரத்திலிருந்து வயிற்றில் எரிந்துகொண்டிருந்ததன் மேல் யாரோ ஒரு சொம்பு மோரை ஊற்றினாற்போல இருந்தது. நான் என்ன பொய் சொன்னேனா? கை நீளம் என்றேனா? ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னேனா? என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். இல்லை என்று தானே பதிலும் சொல்லிக்கொண்டாள். நெத்திலியைக் கழுவி, மஞ்சளும் மிளகாய்த்தூளும் போட்டுப் பிசறினாள்.

பிசறி முடிப்பதற்குள் மோர் காணாமல் போய்விட்டது. கை என்னவோ போல் இருந்தது. கூப்பிட்டுச் சொல்லிவிடலாமா என்று போனை எடுத்தாள். என்னவென்று சொல்வது? எண்ணெய் காய்ந்துவிட்டது மதாம், இப்போது சொல்கிறேன் என்றா? போனைக் கவிழ்த்து வைத்தாள்.

வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. பூவிழி வந்துவிட்டாள். நெல்லித்தோப்பு வெயில் முகத்தில் வழிந்தது.

"போன் வந்துச்சாக்கா?"

"வந்துச்சு."

"இன்னா சொன்னீங்க?"

"உன் வேலையைப் பத்திக் கேட்டாங்க. உள்ளதைத்தான் சொன்னேன்."

அதில் ஓர் எழுத்துகூடப் பொய்யில்லை. பூவிழிக்குக் கண் கலங்கிவிட்டது.

"எனக்குத் தெரியும்கா. அவருகூடக் கேட்டாரு, அண்ணியா உனக்காகப் பேசப் போறாங்கன்னு. அக்கா மொகத்துலதான் கடுகு வெடிக்கும், மனசுல ஒண்ணும் இருக்காதுன்னு சொன்னேன்."

சிவசங்கரி வாணலியை அடுப்பில் ஏற்றினாள். திரும்பிப் பார்க்காமல் இருக்க ஒரு வேலை வேண்டியிருந்தது.

எண்ணெய் காய்வதற்குள் பூவிழியின் போன் அடித்தது. "மதாம்தான்கா" என்று திரையை அவளிடம் ஒரு தரம் காட்டிவிட்டு, சிக்னல் கிடைக்கிற மாடிப்படிக்கு ஓடினாள். பேச்சு கேட்கவில்லை. சரிங்க மதாம், சரிங்க மதாம் என்பது மட்டும் கேட்டது. இரண்டாவது சரிங்கவுக்கும் மூன்றாவது சரிங்கவுக்கும் நடுவில் நீண்ட இடைவெளி விழுந்தது. சிவசங்கரி ஒரு பிடி நெத்திலியை எண்ணெயில் போட்டாள். அது போட்ட சத்தத்தில் மிச்சமும் கேட்காமல் போயிற்று.

பூவிழி மெதுவாக இறங்கி வந்தாள். ஓடிப்போனவள் நடந்து வந்ததைப் பார்த்துச் சிவசங்கரி அடுப்பைத் தணித்தாள்.

"இன்னாவாம்?"

"நாளைக்குக் காலையில வரச் சொல்றாங்க. உங்களையும் கூட்டிட்டு வரணுமாம்."

"என்னை எதுக்கு? நான்தான் எல்லாம் சொல்லிட்டேனே."

"ஒண்ணை மட்டும் பாதியில வுட்டுட்டீங்களாம். அதை என்னையும் பக்கத்துல வெச்சுக்கிட்டு, அவங்க எதிர்ல சொல்லணுமாம். சொன்னா சாவியை அங்கேயே என் கையில குடுத்துடுவாங்களாம். இல்லன்னா அந்த உழவர்கரைப் பொண்ணை வரச் சொல்லிடுவாங்களாம்."

சிவசங்கரி கரண்டியால் நெத்திலியைத் திருப்பினாள். திருப்பியதையே மறுபடியும் திருப்பினாள்.

"எதைன்னு நானும் கேட்டேன்," என்றாள் பூவிழி. "அவங்க சொல்லல. ஆனா சாவின்னதும் எனக்குப் புரிஞ்சிடுச்சுக்கா."

அவள் பக்கத்தில் வந்தாள். குரல் உயரவில்லை. அபியின் காதில் விழக் கூடாது என்று அவளுக்கு அந்த நேரத்திலும் தோன்றியிருக்கிறது.

"என் கை சுத்தமான்னு கேட்டாங்களா? அதுக்காக்கா பேசாம இருந்தீங்க?"

அழுதிருந்தால் சமாளித்திருக்கலாம். திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருக்கலாம். பூவிழி இரண்டும் செய்யாமல், பதில் வாங்காமல் நகர்வதில்லை என்று அடுப்படியிலேயே நின்றாள்.